மெஷினின் வேகம் யார் கையில்?

(திருவனந்தபுரத்தில் பட்டறைத் தொழிலாளர்களுக்கான மாலை வகுப்பில் ஆற்றிய பேச்சின் எழுத்து வடிவம்)





உங்களில் பலர் பட்டறையில் வேலை செய்கிறவர்கள். சிலர் லேத் ஓட்டுகிறீர்கள். சிலர் மில்லிங் மெஷினில் நிற்கிறீர்கள். சிலர் பிசிறு அள்ளுகிறீர்கள், ஜாப் தூக்கிக் கொடுக்கிறீர்கள். நாளைக்கு நீங்களும் மெஷினில் நிற்கலாம்.

இன்றைக்கு ஒரே ஒரு விஷயம் பேசுவோம். அலுமினியத்தை மில்லிங் மெஷினில் வெட்டுகிறோம். கட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும்? ஜாப் எவ்வளவு வேகமாக நகர வேண்டும்? இதை யார் முடிவு செய்வது?

"மேஸ்திரி சொல்வார், நாங்கள் ஓட்டுவோம்" என்பீர்கள். மேஸ்திரி வராத நாளில்? மேஸ்திரி தவறாகச் சொன்னால்? அதற்குத்தான் இந்தக் கணக்கு. உங்களுக்குப் பெருக்கலும் வகுத்தலும் வந்துவிட்டது. அது போதும்.

நம் ஊரும் அலுமினியமும்

அலுமினியம் நமக்குப் புதிதல்ல. 1943-ஆம் ஆண்டு ஆலுவாவுக்குப் பக்கத்தில் அலுமினியம் உருக்கி எடுக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் அதுதான் முதல். அந்த இடத்துக்கே அலுபுரம் என்று பெயர் வந்தது. உருக்கும் வேலை பின்னாளில் அங்கே நின்றுவிட்டது. பெயர் நிற்கிறது.

நம் திருவனந்தபுரத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. தும்பாக் கடற்கரை உங்களுக்குத் தெரியும். 1963 நவம்பர் 21-ஆம் தேதி அங்கிருந்துதான் முதல் ராக்கெட் மேலே போனது. அது அமெரிக்காவில் செய்த ராக்கெட். அப்போது தும்பாவில் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. மீனவ மக்கள் தங்கள் மகதலேனா மரியாள் ஆலயத்தையும் நிலத்தையும் விட்டுக் கொடுத்தார்கள். ஆலயம் அலுவலகம் ஆயிற்று. ஆயர் தங்கிய வீடு பட்டறை ஆயிற்று. அந்த ஆலயம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. போய்ப் பாருங்கள்.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1967 நவம்பர் 20-ஆம் தேதி, நம் நாட்டிலேயே செய்த ராக்கெட் தும்பாவிலிருந்து பறந்தது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர்தான். ஒரு சாண் அகலம்கூட இல்லை. அந்த மையம்தான் இன்று விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். பெரிய ராக்கெட்டுகளை உருவாக்கும் இடம்.

ராக்கெட்டுக்கும் நம் மில்லிங் மெஷினுக்கும் என்ன தொடர்பு? சொல்கிறேன்.

பி.எஸ்.எல்.வி. என்ற ராக்கெட்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1994 அக்டோபர் 15-ஆம் தேதி முதல் முறையாக வெற்றி பெற்றது. அதன் தலையில் ஒரு கூண்டு இருக்கும். செயற்கைக்கோளைக் காற்றிலிருந்தும் வெப்பத்திலிருந்தும் காக்கும் கூண்டு அது. அதன் குறுக்களவு 3.2 மீட்டர். இரண்டு ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு.

அந்தக் கூண்டு பலமாக இருக்க வேண்டும். எடை குறைவாகவும் இருக்க வேண்டும். அலுமினியத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். அது மட்டும் போதாது. ஆகவே ஒரு வழி செய்கிறார்கள். கனமான தகட்டை எடுத்து, முக்கோணம் முக்கோணமாகக் குழி வெட்டுகிறார்கள். குழிக்கு அடியில் மெல்லிய தோல் மிஞ்சும். குழிகளுக்கு நடுவே வரப்பு மிஞ்சும். தோல் மெல்லியது, வரப்பு பலமானது. கோழிக்கூண்டின் கம்பிவலை போல ஒன்றை ஒன்று தாங்கும்.

இப்படி வெட்டும்போது உலோகத்தில் பெரும்பகுதி பிசிறாகப் போய்விடும். மிஞ்சும் தோல் மெல்லியது. சூடேறினால் வளையும். கட்டர் இழுத்தால் கிழியும். அப்படி ஆனால் தகடு முழுவதும் வீண். அதனால்தான் வேகக் கணக்கு அங்கே உயிர் போல முக்கியம்.

பாப்பனங்கோடு தொழிற்பேட்டையில் ஒரு சிறு பிடிப்பான் வெட்டினாலும் கணக்கு அதே கணக்குதான்.

இரண்டு வேகம்

தேங்காய் துருவும் மெஷின் பார்த்திருப்பீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் துருவி சுற்றும். இன்னொரு கையால் தேங்காய் மூடியை அழுத்திப் பிடிப்போம்.

அங்கே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, துருவி சுற்றுவது. இரண்டு, தேங்காயை அதன்மேல் கொடுப்பது.

மில்லிங்கிலும் அதேதான். கட்டர் சுற்றும் வேகம் ஸ்பீடு. ஜாப் கட்டரை நோக்கி நகரும் வேகம் ஃபீடு.

தேங்காயை மிக மெதுவாகக் கொடுத்தால் என்ன ஆகும்? துருவி வழுக்கிக்கொண்டே சுற்றும், பூ விழாது. பலமாக அழுத்தினால்? கைப்பிடி சிக்கிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். மில்லிங்கில் முழுப் பாடமும் இதுதான்.

ஸ்பீடு கணக்கு

கட்டரின் பல் ஒரு நிமிடத்தில் எத்தனை மீட்டர் தூரம் உலோகத்தை வெட்டிக்கொண்டு ஓடலாம்? இதற்கு வெட்டும் வேகம் என்று பெயர். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு வேகம் உண்டு. அட்டவணையில் போட்டிருப்பார்கள்.

ஹை ஸ்பீடு ஸ்டீல் கட்டருக்கு, அதாவது எச்.எஸ்.எஸ். கட்டருக்கு, நாம் எடுத்துக்கொள்ளும் எண்கள் இவை:

சாதாரண இரும்பு – நிமிடத்துக்கு 25 மீட்டர்.
அலுமினியம் – நிமிடத்துக்கு 75 மீட்டர்.

அலுமினியத்துக்கு 75 என்பது தொடங்குவதற்கான எண். நல்ல கட்டர், நல்ல கூலண்ட், அசையாத பிடி இருந்தால் 100-க்கு மேலும் போகலாம். முதலில் 75-இல் தொடங்குவோம்.

மெஷினில் மீட்டர் என்று எழுதியிருக்காது. நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்றுதான் எழுதியிருக்கும். மீட்டரைச் சுற்றாக மாற்ற வேண்டும். இதோ வழி:

வெட்டும் வேகத்தை 320-ஆல் பெருக்குங்கள். வந்ததைக் கட்டரின் குறுக்களவால் வகுங்கள்.

இப்போது கணக்குப் போடுவோம். பலகையில் எழுதுங்கள்.

கட்டர் 16 மில்லிமீட்டர். ஜாப் அலுமினியம்.
75 x 320 = 24,000.
24,000 ÷ 16 = 1,500.
நிமிடத்துக்கு 1,500 சுற்று.

அதே கட்டர், ஜாப் இரும்பு என்றால்?
25 x 320 = 8,000.
8,000 ÷ 16 = 500.
நிமிடத்துக்கு 500 சுற்று.

பார்த்தீர்களா? ஒரே கட்டர், ஒரே மெஷின். உலோகம் மாறியதும் வேகம் மூன்று மடங்கு மாறிவிட்டது. நேற்று அலுமினியம் வெட்டிய வேகத்தில் இன்று இரும்பை வெட்டினால் கட்டர் சில நிமிடத்தில் நீலம் பாரித்துப் போகும்.

இந்த 320 எங்கிருந்து வந்தது? 16 மில்லிமீட்டர் கட்டர் தரையில் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் போகும். 75 மீட்டர் என்பது 75,000 மில்லிமீட்டர். அதை 50-ஆல் வகுத்தால் 1,500. இந்தக் கணக்கைத்தான் 320 என்ற ஒரே எண்ணில் சுருக்கி வைத்திருக்கிறார்கள்.

கட்டர் சிறியதானால் அதிகச் சுற்று வேண்டும். 8 மில்லிமீட்டர் கட்டருக்குப் போட்டுப் பாருங்கள். 24,000 ÷ 8 = 3,000. சின்னச் சக்கரம் அதே தூரம் ஓட அதிகம் சுற்ற வேண்டும் அல்லவா?

ஃபீடு கணக்கு

இதற்கு ஒரு தாள் போதும். நீங்கள் கையில் வைத்திருக்கும் நோட்டின் ஒரு தாளைத் தொட்டுப் பாருங்கள். அதன் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். புள்ளி ஒன்று என்று படிப்போம். மில்லிமீட்டரைப் பத்தாக வெட்டினால் அதில் ஒரு துண்டு.

கட்டரின் ஒவ்வொரு பல்லும் அலுமினியத்தில் இப்படி ஒரு தாள் கனம் எடுத்தால் நல்லது. இது 16 மில்லிமீட்டர் கட்டருக்கு. 8 மில்லிமீட்டர் கட்டருக்கு அதில் பாதி, 0.05 மில்லிமீட்டர். சிறிய கட்டருக்கு அதற்குமேல் தாங்கும் பலம் இல்லை.

கணக்கு இதுதான்:

பல்லின் எண்ணிக்கை x ஒரு பல் எடுக்கும் கனம் x சுற்று.

நம் 16 மில்லிமீட்டர் கட்டருக்கு இரண்டு பல்.
2 x 0.1 x 1,500 = 300.
ஜாப் நிமிடத்துக்கு 300 மில்லிமீட்டர் நகர வேண்டும்.

8 மில்லிமீட்டர் கட்டருக்கும் இரண்டு பல்.
2 x 0.05 x 3,000 = 300.
அதே 300 வருகிறது.

இப்போது ஒரு சிக்கல். நம் பட்டறையில் பழைய மெஷின். அதன் உச்ச வேகமே 1,500 சுற்றுதான். 3,000 கிடையாது. என்ன செய்வது?

"1,500-இல் ஓட்டுவோம், ஃபீடு 300-இலேயே இருக்கட்டும்" என்று ஒரு தம்பி சொல்கிறார். பொறுங்கள். சுற்று பாதியாகிவிட்டது. ஜாப் அதே வேகத்தில் வந்தால் ஒவ்வொரு பல்லும் இரண்டு மடங்கு கடிக்க வேண்டும். 0.05-க்குப் பதில் 0.1. சின்னக் கட்டர் தாங்குமா? படக்கென்று முறியும். முறிந்த துண்டு பறக்கும்.

ஆகவே சுற்றைக் குறைத்தால் ஃபீடையும் குறைக்க வேண்டும்.
2 x 0.05 x 1,500 = 150.
ஃபீடு 150. அவ்வளவுதான். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும். கட்டர் பிழைக்கும். கண்ணும் பிழைக்கும்.

கார்பைடு கட்டரும் கம்ப்யூட்டர் மெஷினும் உள்ள பட்டறையில் 300 மீட்டர், அதற்கு மேலும் போவார்கள். 16 மில்லிமீட்டர் கட்டர் அங்கே 6,000 சுற்று ஓடும். எண் பெரியது. கணக்கு நாம் போட்ட அதே கணக்கு.

அலுமினியத்தின் குணம்

அலுமினியம் மென்மையானது, அதனால் சுலபம் என்று நினைப்போம். அதுவே அதன் தொல்லையும்கூட.

இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும். அதற்கு வெகு முன்பே இளகிவிடும். இளகினால் கட்டரின் பல்லில் பசை போல ஒட்டும். ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டும். பல்லின் கூர்மை மறைந்துவிடும். ஜாப் சொரசொரப்பாகும். கடைசியில் கட்டர் முறியும்.

இதைத் தடுக்க நான்கு வழி உண்டு.

ஒன்று: இரண்டு அல்லது மூன்று பல் உள்ள கட்டரை எடுங்கள். பல் குறைந்தால் நடுவே வாய்க்கால் அகலமாக இருக்கும். பிசிறு வெளியேற இடம் கிடைக்கும்.

இரண்டு: கட்டர் கூர்மையாக இருக்கட்டும். இரும்பு வெட்டித் தேய்ந்த கட்டரை அலுமினியத்துக்குப் போடாதீர்கள்.

மூன்று: கூலண்ட் நிற்காமல் விழட்டும். பால் போன்ற அந்தத் தண்ணீர் சூட்டைத் தணிக்கும், பிசிறையும் தள்ளிவிடும். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். அதில் தீ அபாயம் உண்டு, புகையும் கெடுதல்.

நான்கு: ஃபீடை அளவுக்கு மீறிக் குறைக்காதீர்கள். பயந்து பயந்து மெதுவாகக் கொடுத்தால் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்த்தால் சூடேறும். சூடேறினால் ஒட்டும். மெதுவாகப் போவது எப்போதும் பத்திரம் என்று எண்ண வேண்டாம்.

எல்லா அலுமினியமும் ஒன்றல்ல. சுத்த அலுமினியம் அதிகம் ஒட்டும். தாமிரம் முதலியவை கலந்த உறுதியான கலவை நன்றாக வெட்டும். எஞ்சின் பிஸ்டன் போன்ற வார்ப்பில் சிலிக்கான் அதிகம் இருக்கும். அது மணல் போலக் கட்டரைத் தின்னும். அதற்கு வேகத்தைக் குறைக்க வேண்டும்.

கணக்குச் சரியா என்று மெஷினே சொல்லும். பளபளப்பான சின்னச் சுருளாகப் பிசிறு விழுந்தால் சரி. மாவு போல விழுந்தால் ஃபீடு போதாது. பல்லில் உருண்டை ஒட்டினால் சூடு அதிகம். கிறீச்சென்று அலறினால் கட்டர் அதிகம் நீண்டு தொங்குகிறதா, வைஸ் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சுற்றைக் கொஞ்சம் குறையுங்கள்.

இந்த எண்கள் யாருடையவை?

இந்த அட்டவணை வானத்திலிருந்து விழவில்லை. அதற்கு ஒரு கதை உண்டு.

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் ஒரு எஃகு ஆலை. அங்கே டெய்லர் என்பவர் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறை வேலை கற்றவர். 1880-ஆம் ஆண்டு உலோகம் வெட்டும் வேகத்தைச் சோதிக்கத் தொடங்கினார். 26 ஆண்டுகள் சோதித்தார். சுமார் 360 டன் இரும்பும் எஃகும் பிசிறாயின. நாம் பிடிக்கும் ஹை ஸ்பீடு ஸ்டீலும் அவரும் அவருடைய கூட்டாளி ஒயிட் என்பவரும் கண்டதுதான். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அதைக் காட்டினார்கள். கருவி சிவக்கும் அளவு சூடேறியும் வெட்டியது. பார்த்தவர்கள் அசந்து போனார்கள்.

அவர் கண்ட ஓர் உண்மையை மறக்க வேண்டாம். வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் கருவியின் ஆயுள் நிறையக் குறையும். எச்.எஸ்.எஸ். கருவியால் எஃகு வெட்டும்போது வேகத்தில் பத்தில் ஒரு பங்கு கூட்டினால், ஆயுள் ஏறத்தாழ பாதியாகும்.

கதையின் இன்னொரு பக்கமும் உண்டு. அதுவரை வேகம் தொழிலாளியின் கையில் இருந்தது. அவன் அனுபவத்தால் முடிவு செய்தான். டெய்லர் அந்த அறிவைக் கணக்காக்கி அலுவலக அறைக்குக் கொண்டு போனார். அங்கே சீட்டு எழுதுவார்கள். தொழிலாளி சீட்டில் உள்ளபடி ஓட்ட வேண்டும். பக்கத்தில் ஒருவர் கடிகாரத்துடன் நின்று நேரம் எடுப்பார்.

1911-ஆம் ஆண்டு வாட்டர்டவுன் என்ற ஊரில் ராணுவ ஆயுதச் சாலை வார்ப்புத் தொழிலாளர்கள் இதை எதிர்த்தார்கள். கடிகாரம் வந்ததும் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் விசாரித்தது. 1915-இல் அத்தகைய ஆயுதச் சாலைகளில் கடிகாரம் வைத்து நேரம் எடுக்கப் பணம் தரக்கூடாது என்று சட்டம் செய்தது.

இதிலிருந்து நாம் என்ன எடுத்துக்கொள்வது? கணக்கு தவறானதல்ல. கணக்கு நல்லது. அது ஒருவர் கையில் மட்டும் இருந்ததுதான் வம்பு.

இன்றைக்கு அந்தக் கணக்கு நம் கையிலும் இருக்கிறது. "அவசர ஆர்டர், ஃபீடை இரண்டு மடங்கு ஆக்கு" என்று மேலே இருந்து சொன்னால், நாம் வாய் மூடி நிற்க வேண்டாம். கோபப்படவும் வேண்டாம். "சார், இந்தக் கட்டர் ஒரு பல்லுக்கு 0.05 தான் தாங்கும். நீங்கள் சொல்வது 0.1. முறியும்" என்று சொல்லலாம். எண்ணோடு பேசினால் எதிரே இருப்பவரும் எண்ணோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

உடம்பு முதலில்

கண்ணாடி போடாமல் மெஷின் அருகே போகாதீர்கள்.

சுற்றும் கட்டர் அருகே கையுறை வேண்டாம். சேலைத் தலைப்பு, துப்பட்டா, முடி, தளர்ந்த சட்டைக் கை எல்லாவற்றையும் கட்டிக்கொள்ளுங்கள்.

பிசிறைக் கையால் தள்ளாதீர்கள். வாயால் ஊதாதீர்கள். மெஷினை நிறுத்தி, பிரஷ்ஷால் தள்ளுங்கள். அளவு எடுக்கும்போதும் மெஷின் நிற்க வேண்டும்.

அலுமினியத்தைச் சாதாரண சாணைக் கல்லில் தேய்க்காதீர்கள். கல்லில் அப்பிக்கொள்ளும். சூடேறிக் கல் வெடிக்கலாம்.

அலுமினியத் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தீ பெருகும். உலர்ந்த மணலைப் போடுங்கள். ஒரு வாளி மணல் எப்போதும் பட்டறையில் இருக்கட்டும்.

நினைவில் வைக்க

1. வெட்டும் வேகம் x 320 ÷ கட்டரின் குறுக்களவு = சுற்று.
2. பல் x ஒரு பல்லின் கனம் x சுற்று = ஃபீடு.
3. சுற்றைக் குறைத்தால் ஃபீடையும் குறைக்கவும்.
4. அலுமினியத்தில் பிசிறு வெளியேற வழி வேண்டும்.

செய்து பாருங்கள்

கட்டர் 20 மில்லிமீட்டர். இரண்டு பல். ஒரு பல்லுக்கு 0.1 மில்லிமீட்டர். ஜாப் அலுமினியம். சுற்று எத்தனை? ஃபீடு எத்தனை?

(விடை: 1,200 சுற்று. ஃபீடு 240 மில்லிமீட்டர்.)

கலந்து பேசுங்கள்

உங்கள் பட்டறையில் வேக அட்டவணை ஒட்டியிருக்கிறதா? எந்த மொழியில் இருக்கிறது? இல்லை என்றால், நாலைந்து பேர் சேர்ந்து தமிழிலும் மலையாளத்திலும் ஒன்று எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். புதிதாக வேலைக்கு வரும் தம்பிக்கும் தங்கைக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.